ஐயாயிரம் வாட்டும் அம்மம்மாவின் காதும்

*அறுவடைக் காசில் ஹோம் தியேட்டர் வாங்கும் வன்னி வீடுகளுக்குக் கிடைப்பது என்ன?*

பரந்தனில் இருந்து முல்லைத்தீவு போகிற வீதியில் விசுவமடு கழித்து உடையார்கட்டுக்கு வந்துசேர மாலை ஆறரை ஆகிவிட்டது. ஒழுங்கைக்குள் மோட்டார் சைக்கிளைத் திருப்ப முன்னமே சத்தம் வந்து பிடித்தது. அதைப் பாட்டு என்று சொல்ல முடியாது. பாட்டின் அடிச்சத்தம் மட்டும். டும், டும், டும். கதியால் வேலியைத் தாண்டி அதுதான் வரும். பாடுகிறவரின் குரல் வீட்டுக்குள்ளேயே நின்றுவிடும்.

வீட்டுக்காரர் என் கூட்டாளி. உழவு மெசின் வைத்திருக்கிறார், வயலும் செய்கிறார். பெரும்போகம் கைகொடுத்த சந்தோசத்தில் கிளிநொச்சிக்குப் போய், அரைவாசி கைக்காசு, மிச்சம் தவணை என்று ஒரு செற் எடுத்து வந்திருந்தார். வெறும் மட்டைப்பெட்டி விறாந்தையில் கிடந்தது. அதற்குள் பூனை படுத்திருந்தது. பெட்டியின் பக்கத்தில் உள்ளங்கை அகலச் சிவப்பு எழுத்தில் 5000 வாட்.

ஹோலின் நாலு மூலையிலும் ஆணி அடித்து நாலு சின்னப் பெட்டி. ஐந்தாவதுக்கு இடம் தெரியாமல், கதிரைகளுக்குப் பின்னால் சாமிப்படத்துக்கு மேலே மாட்டியிருந்தார். கதவு மூலையில் பெரிய பெட்டி. அது அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் கண்ணாடி அலுமாரிக்குள் தேநீர்க் கோப்பைகள் சிணுங்கின. ரீவியில் படம். கதாநாயகன் எதையோ முக்கியமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பிளாஸ்டிக் கதிரையில் இருந்த அம்மம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்:

“நல்ல சத்தம்தான் தம்பி. என்ன கதைக்கிறாங்கள் எண்டுதான் விளங்கேல்லை.”

கூட்டாளி ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார். கோப்பைகள் இன்னும் பலமாகச் சிணுங்கின. அம்மம்மா எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டார்.

மாசி, பங்குனியில் நெல்லு விற்ற காசு கைக்கு வரும். சித்திரை வருசப்பிறப்புக்கு முன்னம் கடை வாசல்களில் கழிவு விலைப் பதாகை தொங்கும். இரண்டும் சந்திக்கிற இடத்தில்தான் வன்னியில் ரீவியும் செற்றும் விலைப்படுகின்றன. வாங்கி இரண்டு கிழமையில் வருகிற முறைப்பாடும் எங்கும் ஒன்றுதான்: சத்தம் இருக்கு, பேச்சு இல்லை.

டைனமோ போட்ட காலம்

இந்த ஆசையைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வராது. எண்பதுகளில் டெக்கையும் ரீவியையும் ஜெனரேற்றரையும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து விடிய விடியப் படம் பார்த்த சனம் நாங்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை வந்தது. ரோர்ச் பற்றரிகூடத் தடைப் பட்டியலில். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் இருந்து வருகிற கரண்டில் ரேடியோவைக் கேட்டோம். சுற்றுகிறவருக்குக் கை களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைக்கும். அப்போதெல்லாம் ஒரு சொல் விடாமல் விளங்கியது என்பது வேறு கதை.

அதே காலத்தில் சினிமாவின் ஒலி எங்கேயோ போய்விட்டது. 1995இல் வந்த ‘குருதிப்புனல்’ டொல்பி ஸ்டீரியோ ஒலியில் வந்த முதல் இந்தியப் படம் என்று பேசப்பட்டது. 2012இல் ‘சிவாஜி’ முப்பரிமாணத்தில் திரும்ப வந்தபோது, தலைக்கு மேலாலும் சத்தம் வருகிற அட்மோஸ் ஒலியும் சேர்ந்தது. எங்கள் பக்கம் போர் முடிந்து, முகாமில் இருந்து திரும்பி, வீடு கட்டி, மின்கம்பி வந்து, அதற்குப் பிறகுதான் ஒரு ரீவி. இடையில் விட்டுப்போன இருபது வருசத்தையும் ஒரே மட்டைப்பெட்டியில் வாங்கிவிடப் பார்க்கிறோம். அந்த மட்டைப்பெட்டிக்காரருக்கு இது நன்றாகத் தெரியும்.

பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

அன்று கூட்டாளியிடம் கேட்டு, பெரிய பெட்டியைத் திருப்பி ரோர்ச் அடித்துப் பார்த்தேன். பின்பக்கத்தில், கரண்ட் வயர் உள்ளே போகிற இடத்துக்குப் பக்கத்தில், வெள்ளி நிறத்தில் ஒரு சின்ன ஒட்டு. 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், 60 வாட். முன்பக்கம் ஐயாயிரம், பின்பக்கம் அறுபது.

பின்பக்கத்தில் உள்ளது அந்தச் செற் சுவரில் இருந்து எடுக்கிற மின்சாரம். அறுபதை எடுக்கிற இயந்திரம் தொடர்ந்து அறுபதுக்கு மேல் வெளியே கொடுக்க முடியாது. வழியில் சூடாகப் போவதைக் கழித்தால் இன்னும் குறையும். அப்படியானால் ஐயாயிரம் எங்கிருந்து வந்தது? பி.எம்.பி.ஓ. என்று ஒரு கணக்கு. ஒரு கண் இமைப்பில் பாய்ந்து மறைகிற உச்சத்தை எடுத்து, எல்லாப் பெட்டிக்கும் பெருக்கி, கூட்டி எழுதுவது. அதற்கு ஒரு பொது அளவுமுறையே கிடையாது. அச்சகத்தில் இன்னொரு பூச்சியம் போட்டாலும் கேட்க ஆளில்லை. ஆர்.எம்.எஸ். என்று போட்ட எண்தான் தொடர்ந்து கொடுக்கக்கூடிய பலம்.

வீட்டில் இருக்கிற அயனை நினைத்துக்கொள்ளுங்கள். அது ஏறக்குறைய ஆயிரம் வாட். சுவிட்சைப் போட்டால் மின்மானி வேகமாக ஓடும். ஐயாயிரம் வாட் செற் உண்மையாக இருந்தால் ஐந்து அயனை ஒன்றாகப் போட்ட மாதிரி.

> பெட்டிச் செய்தி: வாட் கணக்கு
>
> வீட்டுச் சுவரில் உள்ள 13 அம்பியர் பிளக் 230 வோல்ட்டில் கொடுக்கக்கூடியது ஏறக்குறைய 3,000 வாட். அதற்கு மேலே எழுதியிருக்கிற எந்தச் செற்றும் அந்தப் பிளக்கில் அப்படி வேலை செய்ய வழியில்லை.
>
> வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபெல். காதுக்கு அது ‘கொஞ்சம் கூட’ மட்டும்தான். சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க வேண்டும் என்றால் வாட் பத்து மடங்காக வேண்டும்.
>
> சாதாரணமான ஒரு சோடி நல்ல ஸ்பீக்கரில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாட் கொடுத்தால், எட்டடி தள்ளி இருக்கிறவருக்கு 80 டெசிபெல் அளவில் கேட்கும். முகத்துக்கு முகம் கதைக்கிற சத்தம் 60 அளவில்தான். மிச்ச வாட்டெல்லாம் வெடியும் இடியும் வருகிற சில நொடிகளுக்குக் கைவசம் வைத்திருப்பது.

இதை நம்பாதவர்கள் வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்குப் போகிற வழியில் காது கொடுத்துப் பாருங்கள். பனையிலும் கம்பத்திலும் கட்டியிருக்கிற ஒலிபெருக்கிக் குழாய் ஒவ்வொன்றின் உள்ளேயும் இருக்கிற யூனிற் முப்பது, ஐம்பது வாட்தான். அறிவிப்பு வயல்வெளி தாண்டிக் கேட்கிறது. குழாய் குரலின் அளவுக்குச் செய்தது, ஒரே திசையில் எறிகிறது, கொடுத்த வாட்டை வீணாக்காமல் சத்தமாக மாற்றுகிறது. மேளத்தை அதில் கேட்டால் தகரத்தில் தட்டுகிற மாதிரி இருக்கும், அதுவும் உண்மை. பெரிய பெட்டியின் அடிச்சத்தத்துக்கு வாட் வேண்டும். பேச்சுக்கு அவ்வளவு வேண்டாம். நாங்கள் காசு கொடுப்பது முதலாவதுக்கு, குறைப்படுவது இரண்டாவதுக்கு.

சிவப்பும் வெள்ளையும்

அன்று இன்னொன்றும் கண்டேன். ரீவியில் இருந்து செற்றுக்குப் போனது சிவப்பு, வெள்ளை முனை போட்ட பழைய வயர். அதில் இரண்டு வழிச் சத்தம் மட்டும்தான் போகும், இடதும் வலதும். 5.1 என்றால் முன்னுக்கு இடது, வலது, நடு, பின்னுக்கு இரண்டு என்று ஐந்து தனித்தனிச் சத்தம், புள்ளி ஒன்று அடிச்சத்தப் பெட்டிக்கு. படத்தின் பேச்சில் பெரும்பங்கு அந்த நடுப்பெட்டிக்குத்தான் எழுதப்பட்டிருக்கும். இரட்டை வயரில் அது தனியாக வர வழியில்லை. வருகிற இரண்டையே எடுத்துச் செற் ஐந்து பெட்டிக்கும் பிரித்து ஊற்றுகிறது. கூட்டாளி வீட்டில் நடுப்பெட்டியோ சாமிப்படத்துக்கு மேலே. கதாநாயகன் முன்னால் வாயசைக்க, குரல் பிடரியில் விழுகிறது. அம்மம்மாவுக்கு எப்படி விளங்கும்?

வயரை மாற்றலாம். ரீவியின் பின்பக்கத்தில் ஏ.ஆர்.சி. என்று எழுதிய எச்.டி.எம்.ஐ. துளை இருந்தால், செற்றிலும் அதே இருந்தால், ஒரே வயரில் ஐந்தும் வரும். ஒப்டிக்கல் வயரிலும் டொல்பி 5.1 வரும், அட்மோஸ் வராது. செற்றில் இந்தத் துளை ஒன்றுமே இல்லாமல் சிவப்பு வெள்ளை மட்டும் என்றால், பெட்டி ஐந்து என்று எண்ணி வாங்குவதில் பிரயோசனம் இல்லை.

வயர் சரி என்றே வைத்துக்கொள்வோம். நாங்கள் பார்ப்பது என்ன? யூடியூப்பில் வருகிற பெரும்பாலானவை இரண்டு வழிச் சத்தம். பென்டிரைவில் கைமாறி வருகிற படங்கள் பாதியும் அளவைச் சுருக்க ஒலியை நசுக்கியவை. நெட்பிளிக்ஸில் அட்மோஸ் வேண்டும் என்றால் ஆகக் கூடின கட்டணத் திட்டத்துக்குப் போக வேண்டும். கிணற்றில் இல்லாத தண்ணீரைப் பெரிய மோட்டார் போட்டு இறைக்க முடியாது.

ஆகவே எங்கள் ஊர் வீட்டுக்கு என்னுடைய அபிப்பிராயம் இது. அதே காசுக்கு ஐந்து மோசமான பெட்டியா, இரண்டு நல்ல பெட்டியா என்று வந்தால் இரண்டை எடுங்கள். ரீவியின் உள் ஸ்பீக்கர் மெல்லிய உடம்புக்குள் கீழ்நோக்கி அல்லது பின்நோக்கி இருப்பது. அதைவிட நடுத்தரமான ஒரு சவுண்ட்பார்கூடப் பேச்சைத் துப்புரவாகக் கொடுக்கும். ரீவிக்குப் போட்ட காசில் மூன்றில் ஒன்றைச் சத்தத்துக்கு ஒதுக்கினால் போதும் என்பது என் கணக்கு. அதற்கு மேலே போகிற காசு, வீட்டை மாற்றாமல் காதுக்கு வந்து சேராது.

சீலிங் இல்லாத வீட்டில் அட்மோஸ்

வீடு என்றேன். இந்திய வீட்டுத்திட்டத்தில் வடக்குக் கிழக்குக்கு வந்தவை ஏறக்குறைய 46,000 வீடுகள். புதிதாய்க் கட்ட ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை லட்சம் ரூபா, ஒரு வீடு 550 சதுர அடி அளவில். அதற்குள் ஹோல் என்றால் பத்துக்குப் பன்னிரண்டு அடி வந்தால் பெரிசு. சீமெந்துத் தரை, பூசிய சுவர், மேலே ஓடோ சீற்றோ.

அட்மோஸ் என்று பெரிதாக எழுதி விற்கிற சவுண்ட்பார்களில் நல்லவற்றுக்கு மேல்நோக்கிப் பார்க்கிற சின்ன ஸ்பீக்கர்கள் இருக்கும். சத்தத்தைச் சீலிங்கில் எறிந்து, அங்கே பட்டுத் தெறித்து உங்கள் தலைக்கு மேலால் வருகிற மாதிரிச் செய்வது அவற்றின் வேலை. அதற்குத் தட்டையான, அதிகம் உயரமில்லாத சீலிங் வேண்டும். எங்கள் வீடுகளில் பாதிக்குச் சீலிங்கே இல்லை. சரிந்த கூரையில் பட்ட சத்தம் எங்கேயோ தெறிக்கும், ஓட்டு இடுக்கால் போகும். கொழும்பு மாடிவீட்டில் தலைக்கு மேல் பறக்கிற ஹெலிகொப்டர் இங்கே வளவுக்குள் பறக்கும். மலிவான சவுண்ட்பார்களில் அந்த மேல் ஸ்பீக்கரும் இல்லை, எழுத்து மட்டும்தான்.

வெறும் ஹோலின் நடுவில் நின்று ஒருக்காக் கை தட்டிப் பாருங்கள். தட்டின சத்தத்துக்குப் பின்னால் ‘ர்ர்ங்’ என்று ஒரு வால் வரும். அந்த வால்தான் ஒவ்வொரு சொல்லின் மேலும் ஏறி விழுந்து அடுத்த சொல்லை மூடுகிறது. எந்த விலைச் செற்றும் இதைத் தீர்க்காது. தடித்த திரைச்சீலை, தரையில் ஒரு விரிப்பு, ஒரு மெத்தை தீர்க்கும்.

எனக்கு இதைக் காட்டித் தந்தது நெல்லு மூட்டை. ஒரு மாசியில் விலை ஏறட்டும் என்று எங்கள் ஹோலின் பின்சுவரோடு மூட்டைகளை நெஞ்சளவுக்கு அடுக்கி வைத்திருந்தோம். அந்த மூன்று கிழமையும் பழைய ரீவியில் செய்தி அவ்வளவு தெளிவாகக் கேட்டது. மூட்டை லொறியில் ஏறிய அன்றிரவு குரல் திரும்பக் கிணற்றுக்குள் விழுந்தது. ரீவிதான் பழுது என்று அதன் மூடியைக் கழற்றினவன் நான்.

> பெட்டிச் செய்தி: கடையில் நிற்கும்போது
>
> உங்களுக்கு மனப்பாடமான படம் ஒன்றைப் பென்டிரைவில் கொண்டுபோங்கள். கடைக்காரர் போடுகிற காட்சிப் படம் அந்தச் செற்றுக்கென்றே தேர்ந்தது.
>
> முதலில் அடிச்சத்தப் பெட்டியை நிறுத்தச் சொல்லுங்கள். சத்தத்தை நன்றாகக் குறைத்து, மழையோ சந்தையோ பின்னால் கேட்கிற ஒரு பேச்சுக் காட்சியைக் கேளுங்கள். சொல் விளங்கினால் மேலே பாருங்கள்.
>
> கடை பெரிய மண்டபம். அங்கே அளவாகக் கேட்கிற அடிச்சத்தம் பத்தடி ஹோலுக்குள் இரண்டு பங்காகும்.
>
> உத்தரவாதச் சீட்டில் எந்த ஊரில் திருத்தித் தருவார்கள் என்று கேளுங்கள். கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்றால் போக்குவரத்துச் செலவு யாருடையது என்றும் கேளுங்கள்.

கனடாவில் இருந்து வந்த பெட்டி

வன்னியில் செற் வருகிற இன்னொரு வழி விமான நிலையம். லண்டன், சுவிஸ், பிரான்ஸ் என்றால் பிரச்சினை இல்லை, அங்கேயும் 230 வோல்ட். கனடாவில் 120. ஜப்பானில் 100.

மச்சான் கனடாவில் இருந்து வந்தபோது தான் பாவித்த நல்ல செற் ஒன்றைச் சுற்றிக் கட்டிக் கொண்டுவந்தார். பிளக் பொருந்தவில்லை. சந்திக் கடையில் ஒரு மாற்றுப் பிளக் வாங்கிப் போட்டேன். பிளக் பொருந்தினால் கரண்டும் பொருந்தும் என்று எனக்கு யார் சொன்னது என்று இன்றைக்கும் தெரியாது. சுவிட்சைப் போட்டதும் ‘டப்’ என்று ஒரு சத்தம். அந்தச் செற் எங்கள் வீட்டில் எழுப்பிய ஒரே சத்தம் அதுதான். பிறகு ரப்பர் எரிகிற மணம். மச்சான் ஒன்றும் சொல்லவில்லை, வெளியில் போய் மாமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கொழும்பு புறக்கோட்டையில் ஜப்பானியப் பழைய அம்பிளிபயர்கள் விற்கிறார்கள். உண்மையில் பெறுமதியான சாமான்கள். பாரமான, நேர்மையான வாட் எழுதின, இருபது வருசம் போனாலும் திருத்தக்கூடிய பெட்டிகள். ஆனால் 100 வோல்ட்டுக்குச் செய்தவை. வோல்ட்டைக் குறைக்கிற ட்ரான்ஸ்போமரின் விலையையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

எந்தச் செற் என்றாலும் சித்திரையிலும், ஐப்பசி கார்த்திகையிலும் வானம் முழங்கத் தொடங்கினால் பிளக்கைக் கழற்றுங்கள். டிஷ் அன்ரனா வயரையும் ரீவியில் இருந்து கழற்றுங்கள். மின்னல் வெளியில் உள்ள டிஷ்ஷில் இறங்கி, வயர் வழியாக ரீவிக்குள் வந்து, அங்கிருந்து எச்.டி.எம்.ஐ. வழியாகச் செற்றுக்குள் போகும். ஒன்றோடொன்று பூட்டிய சாமான்கள் ஒன்றாகவே போகும்.

தவணையில் வாங்கும் சத்தம்

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதம் 360 வரை போனது. பிறகு இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவில்லை. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 வீதம். ஆகவே 2019இல் ஒருவர் கொடுத்த விலையை இன்றைய விலையோடு ஒப்பிட்டு, ‘இவ்வளவு கொடுத்தால் நல்லதாகத்தான் இருக்கும்’ என்று நினைக்க வேண்டாம். கூடின காசில் பெரும்பங்கு ரூபா விழுந்ததற்கு. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு அதேதான்.

தவணைக்கு வருவோம். ஒரு பேச்சுக்கு, கைக்காசு விலை 60,000. மாதம் 6,500 என்று பன்னிரண்டு மாதம் கட்டினால் 78,000. பதினெட்டாயிரம் கூட. கடைக்காரர் மாதத்துக்கு எவ்வளவு என்பதைத்தான் சொல்வார். பன்னிரண்டால் பெருக்குகிற வேலை எங்களுடையது. மகளிர் குழுக் கடனும் நுண்கடனும் வன்னிப் பெண்களை என்ன பாடு படுத்தின என்று தெரிந்த ஊர் இது. வயல் காசு வருசத்துக்கு ஒருமுறை, இரண்டு முறை வரும். தவணை மாதா மாதம் வரும். நெல்லு விலை விழுந்த வருசத்தில் முதலில் வீட்டை விட்டுப் போவது செற்தான், கட்டின காசோடு.

அடுத்த வளவுக் காது

செற் வாங்குகிற வீட்டைப் பற்றியே கதைத்துக்கொண்டிருக்கிறோம். அடிச்சத்தம் சுவரை மதிக்காது. அலைநீளம் பெரிசு, ஓட்டுக்கும் சுவருக்கும் அது நிற்பதில்லை. பெட்டியை மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து அதை இன்னும் பெருக்கும். மூலையில் இருந்து இரண்டு, மூன்று அடி இழுத்து வைத்தாலே அலுமாரிக் கோப்பை அமைதியாகும்.

கோப்பை மட்டும் என்றால் நான் இதை எழுத மாட்டேன். 2009 ஜனவரியில் அரசாங்கம் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த நிலத்துக்குள் உடையார்கட்டும் இருந்தது. சுதந்திரபுரமும் வள்ளிபுனமும் இருந்தன. அந்த வலயத்துக்குள்ளேதான் ஷெல் விழுந்தது. அன்று பங்கருக்குள் இருந்தவர்கள் இன்று அடுத்த வளவில் இருக்கிறார்கள். வெடிச்சத்தத்தில் ஒரு காது போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சத்தத்தைக் கூட்டுவது உதவாது, தெளிவுதான் உதவும். இரவு ஒன்பது மணிக்குத் தூரத்தில் ‘டும்’ என்று கேட்டால் கையில் இருக்கிற கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அசையாமல் இருக்கிற ஒருவரை எனக்குத் தெரியும். அது சினிமாச் சத்தம் என்று அவருக்குத் தெரியும். அவர் யாரிடமும் முறைப்பட்டதில்லை.

சத்தம் பழகுகிற சாமான் வேறு. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கில் 80 டெசிபெல் என்றால் கிழமைக்கு 40 மணித்தியாலம்தான் பாதுகாப்பு. அதற்கு மேலே போகப் போக மணித்தியாலம் வேகமாகக் குறையும். செற்றுக்கு முன்னால் பாயில் படுத்திருக்கிற பிள்ளைக்கு அந்தக் கணக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறு ஒரு எச்.டி.எம்.ஐ. வயரோடு திரும்ப உடையார்கட்டுக்குப் போனேன். சாமிப்படத்துக்கு மேலே இருந்ததைக் கழற்றி ரீவிக்குக் கீழே வைத்தோம். பெரிய பெட்டியை மூலையில் இருந்து இழுத்து, அதன் திருகைக் கால்வாசிக்குக் குறைத்தோம். ரீவியின் ஒலி அமைப்பில் வெளி ஸ்பீக்கரைத் தெரிவுசெய்ய ஒரு அரை மணித்தியாலம் போனது, மெனு எல்லாம் ஆங்கிலம். ஜன்னலுக்கு ஒரு தடித்த சீலை. பின்பெட்டி இரண்டின் வயரும் அடுப்படி வாசலைக் கடந்து போனது. அம்மம்மா ஏற்கனவே ஒருக்காத் தடக்கி விழப் பார்த்திருக்கிறார். அவற்றைக் கழற்றிச் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்தாயிற்று. ஹோலுக்கு மூன்றே மூன்று பெட்டியும் அடக்கமாக ஒரு பெரியதும்.

பழைய நகைச்சுவைக் காட்சி ஒன்று ஓடியது. அம்மம்மா முன்னரைவிட இரண்டு முழம் பின்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார், பகிடி வந்த இடத்தில் எங்களுக்கு முன்னமே சிரித்தார்.

“அப்ப அந்த ரெண்டு பெட்டியையும் கடையில திருப்பிக் குடுக்கேலாதோ?” என்று கூட்டாளி கேட்டார்.

ஏலாது. தவணை இன்னும் பத்து மாதம்.